நாகூர் கனி வெட்டு

நாகூர் கனி ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்று தாராவித் தோல் ஷாப்புகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவர்களில் நாகூர் கனியும் ஒருவன். மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்த நாள் முதல் அவன் பட்டைக்காரன். தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையை ஒடித்து, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்தே அது எந்தப் பக்கத்துச் செடி, மழைக்கு முன்னால் வெட்டியதா பின்னால் வெட்டியதா என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் சரியாகச் சொல்கிறவனைப் போல ஆபத்தானவன் யாருமில்லை என்பது என் எண்ணம். எப்போதும் தப்பாகச் சொல்கிறவனை ஊர் ஒதுக்கிவிடும். இவன் பின்னால் போகும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் யுத்தம் முற்றியிருந்தது. பட்டாளத்துக்கு பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலுக்குப் பட்டை வேண்டும். அந்தப் பட்டையோ தெற்கேயிருந்து கூட்ஸ் வண்டியில் வரவேண்டும். கூட்ஸ் வண்டிகளில் பட்டாளமும் அதன் சாமான்களும் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. ஜஹாங்கீர் முதலாளியின் ஷாப்பில் குழிகளில் இருந்த பட்டைச் சாறு வெளுத்துக்கொண்டே வந்தது. மயிர் நீக்கிய தோல்கள் சாற்றுக்குக் காத்துக் கிடந்து அழுகத் தொடங்கின. தாராவிக்காரர்கள் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இல்லை. அவர்களே பேசும்படி ஆயிற்று.

"இன்னும் ஒரு மாசம் பாப்பேன் கனி. அதுக்குள்ள பட்டைக்கு வழி பொறக்கலைன்னா ஷாப்ப மூடிட்டு ஊரு போய்ச் சேர வேண்டியதுதான்" என்றார் முதலாளி. "நீங்கள்லாம் வேற எடம் பாத்துக்கிடுங்க."

வேற இடம் பார்க்கிற நிலையில் நாகூர் கனி இல்லை. ஊரில் மனைவி அக்தர் பானுவும் பேகம் என்ற பெண் குழந்தையும் இருந்தார்கள். மகள் பிறந்து நடந்து பேசத் தொடங்கிய காலம் முழுவதும் அவன் பம்பாயில் பட்டை இடித்துக்கொண்டிருந்தான். ஒரு பெருநாளுக்குப் போனபோது அது அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்ப போவாவ?" என்று கேட்டது. அன்றைக்கே அவன் இருவரையும் பம்பாய்க்குக் கூட்டிவந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

ஷாப்புக்குப் பின்னால் காடி. கடல் மாஹிம் வழியாக உள்ளே நுழைந்து, நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற உப்பங்கழியை அங்கே எல்லோரும் காடி என்றுதான் சொல்வார்கள். அதன் கரை நெடுகக் கண்டல் மரங்கள் நின்றன. தண்ணீர் வற்றும்போது பார்த்தால் ஒவ்வொரு மரமும் பத்துப் பதினைந்து கால் ஊன்றிச் சேற்றில் நிற்பது தெரியும். அந்தக் கால்களுக்குள் மனிதன் புக முடியாது. நண்டும் இறால் குஞ்சும் மட்டும் புகுந்து புறப்படும். கொசு மண்டிய அந்தப் புதரை ஷாப்புக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு நாள் நாகூர் கனி அங்கே போய் ஒரு மரத்தின் பட்டையைச் சீவி வாயில் போட்டான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு துவர்ப்பு. ரத்தச் சிவப்பான சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே முதலாளியிடம் ஓடினான்.

மறுநாள் பத்துப் பேரைக் கோடாலியோடு இறக்கினான். அவர்களில் மூத்தவன் தளவாய், நாங்குநேரிப் பக்கத்து ஆள். எதையும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

"எங்ஙன வச்சு வெட்ட பாய்? பாதியில வெட்டவா, அடியோடயா?"

"ஆவாரய எங்ஙன வெட்டுவோம்? அடியோட. அடியோட வெட்டுனாத்தான் அடுத்த மழைக்குக் குத்துக் குத்தாக் கெளம்பும். விட்டுவிட்டு வெட்டுனா கெழடு தட்டிப் போவும்."

"இது ஆவார இல்லையே பாய். உப்புத் தண்ணியில நிக்கிற மரம்லா."

"உப்பத் தின்னே நிக்கிதுன்னா இதுக்குச் சாவே கெடையாது. ஒரு மழை வரட்டும், நீரே பாரும்வே."

தெற்கே பட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் அவன் சொன்னான். ஆவாரை வெட்ட வெட்டத் தழைக்கும். அடித்தூரில் அதற்கு உயிர் இருக்கிறது. ஆடு கடித்தாலும் அரிவாள் விழுந்தாலும் மண்ணுக்குள்ளிருந்து புதுக் கொம்பு வரும். கண்டல் அப்படியில்லை. அதன் தளிர்க்கிற உயிரெல்லாம் கொப்பின் நுனியில் இருக்கிறது. முற்றிய அடிமரத்தில் வெட்டினால் அங்கிருந்து ஒரு பச்சையும் வராது. ஒரு செடியைப் பற்றித் தெரிந்த உண்மையை இன்னொரு மரத்தின் மேல் தூக்கி வைத்துவிட்டான், அவ்வளவுதான் செய்தது. வேறு பாவம் எதுவும் அவன் மனதறிந்து செய்யவில்லை, அப்போதைக்கு.

குழிகள் மறுபடி நிறைந்தன. தோல் சிவந்து வந்தது. கொஞ்சம் முரடாக இருந்தாலும் பட்டாளக்காரன் காலுக்கு அது போதும். ஜஹாங்கீர் முதலாளி நாகூர் கனியைப் பட்டை மேஸ்திரி ஆக்கினார். மற்ற ஷாப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், தங்கள் பங்குக்கு ஆள் இறக்கினார்கள். டீக்கடையில் யாராவது, "மொத்தமும் வழிச்சு எடுத்துட்டா பொறவு என்ன செய்ய?" என்று கேட்டால், "துளிர்க்கும்வே, நாகூர் கனியே சொல்லியிருக்காரு" என்று பதில் வரும். அடியோடு வெட்டுவதற்கு நாகூர் கனி வெட்டு என்றே பெயர் விழுந்தது. தன் பெயர் அப்படிப் புழங்குவதைக் கேட்கும்போது அவன் டீயை நிதானமாகக் குடிப்பான்.

மரங்கள் போன இடம் வெட்டவெளியாய்க் கிடந்தது. ஷாப்பில் சாறு இறக்கிய பட்டைச் சக்கை மலைபோல் குவிந்திருந்தது. தோல் ஷாப்புக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பள்ளம் எங்கே இருந்தாலும் சக்கையைக் கொட்டி மிதித்து நிரவிவிடுவார்கள். நடக்க மெத்தென்று இருக்கும், சேறு ஒட்டாது. நாகூர் கனி அந்தச் சேற்றுக் கரையில் சக்கையைக் கொட்டி, மேலே சுண்ணாம்புக் கழிவைப் பரப்பி, காயவிட்டு, அதன்மேல் தகரமும் பலகையுமாக ஒரு வீடு கட்டினான். அவனைப் பார்த்து இன்னும் சிலரும் அப்படியே கட்டினார்கள்; அவனுடையதுதான் கரையின் கடைசி வீடு. முன்வாசலில் நின்றால் காடி. இடையில் முழங்கால் உயரத்தில் வெட்டுண்ட கண்டல் கட்டைகள் வரிசையாய் நின்றன.

நாற்பத்து நான்கு தொடக்கத்தில் அக்தர் பானுவும் பேகமும் வந்து சேர்ந்தார்கள். அக்தர் பானு வாசலில் நின்று தண்ணீரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். காலால் தரையை அழுத்திப் பார்த்தாள்.

"தரை அமுங்குதே. பேகம் வாப்பா, இது என்ன தரை?"

"பட்டை. பம்பாயில இதவிட நல்ல தரை எவனுக்கு வாய்க்கும்?"

"கடல் இங்ஙன இருக்கு, வீடு இங்ஙன இருக்கு. நடுவுல ஒண்ணுமில்லையே."

"ஒரு மழை பொறு புள்ள. இந்தக் கட்டையெல்லாம் துளிர்த்து ஆள் உசரத்துக்கு வேலி கட்டின மாதிரி நிக்கும். பொறவு கடலே உனக்குத் தெரியாது. நான் சொல்லுதேன்லா."

அவன் சொன்னதால் அவள் மேலே பேசவில்லை. பேகத்துக்கு அப்போது ஆறு வயது. ஊர்க் கூச்சம் தெளிந்து அவனோடு ஒட்ட அதிக நாள் பிடிக்கவில்லை. அவன் அதற்கு ஒரு வேலை கொடுத்தான். "தெனமும் கட்டையெல்லாம் பாக்கணும். மொதத் துளிர் எங்க வந்தாலும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும், என்ன?" குழந்தை இதைப் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டது. ஷாப்பிலிருந்து அவன் திரும்பும்போது கட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "இன்னிக்கு இல்ல வாப்பா" என்று சொல்லும். அவனுக்கு அன்றைய அலுப்பெல்லாம் அதோடு போகும். மாமாவாக இருந்தவன் வாப்பா ஆனது அந்தக் கட்டைகளின் மேல்தான்.

அந்த மழை வந்தது, போனது. கட்டைகள் கறுத்தன. துளிர் வரவில்லை.

அதற்கு முன்னாலேயே வேறு சிலது போகத் தொடங்கியிருந்தது. ஹிராபாய் என்ற கோளிப் பெண், அந்தக் கரையின் மீனவச் சாதிக்காரி, காடி வாயில் வலை கட்டி இறால் பிடித்துத் தாராவிச் சந்தியில் விற்பவள். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அவள் வெறும் கூடையோடு ஷாப் வாசலுக்கு வந்து, பட்டை மேஸ்திரி யார் என்று கேட்டாள். மராத்தியும் ஹிந்தியும் கலந்து அவள் பேசியதில் பாதிதான் நாகூர் கனிக்குப் புரிந்தது. கோளம்பி இல்லை, இறாலே இல்லை என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். வலையில் வருவது சேறுதான் என்றாள்.

"பாரிஷ் வரட்டும் பாயீ, ஒரு மழைக்கு எல்லாம் திரும்பி வரும்" என்றான் அவன்.

"பாரிஷ் வந்துதானே போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கூடையை அவன் காலடியிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

இன்றைக்குச் சுற்றுச்சூழல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டு, அம்புக்குறி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்டல் இலை சேற்றில் விழுந்து அழுகும். அழுகலைப் புழுவும் நண்டும் தின்னும். வேர்களின் நிழலில் இறால் குஞ்சு வளரும். அதை மடவை மீன் தின்னும், மடவையைக் கொக்கு கொத்தும், மிச்சம் மனிதன் வலைக்கு வரும். அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டே அந்த வேர்கள் சேற்றையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற சங்கதி. முதல் அம்பைப் பிடுங்கினால் மற்றவை எப்படிச் சரியும் என்று பரீட்சைக்குக் கேட்டால் பிள்ளைகள் டாண் டாண் என்று எழுதிவிடுவார்கள். காடிக் கரையில் அது எழுத்தாக நடக்கவில்லை. முதலில் கொக்குகள் வரவில்லை, அவ்வளவுதான். கொக்கு வராததற்கெல்லாம் யார் வேலையை நிறுத்துவார்கள்?

அடுத்து சேறு நகர்ந்தது. செத்த வேர்கள் அழுகி இற்றுப்போக, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தண்ணீர் கொஞ்சம் கரையை நக்கிக்கொண்டு போனது. வாசலுக்கு எதிரே முதல் வரிசைக் கட்டைகள் சாய்ந்தன. அக்தர் பானு தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிப்பு இல்லை, அளக்கத் தெரியாது. தண்ணீர் பக்கத்தில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதெல்லாம் வேண்டியதும் இல்லை.

நாற்பத்தைந்து கோடையில் நாகூர் கனி ஒரு கட்டையைக் கத்தியால் சீவிப் பார்த்தான். உள்ளே சுக்காகக் காய்ந்திருந்தது. இன்னொன்றைச் சீவினான். அதுவும் அப்படியே. கரை முழுக்க நடந்து சீவிக்கொண்டே போனான். எங்கேயும் ஈரம் இல்லை, பச்சை இல்லை, நகக்கண் அளவுக்குக்கூட இல்லை. அவன் பட்டைக்காரன், செத்த மரம் எது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.  பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? சீவின இடத்திலெல்லாம் சேற்றை எடுத்துப் பூசினான். டீக்கடையில் நாளைக்கு எவனாவது கேட்டால் என்ன சொல்வது என்ற கவலைதான் அவனுக்கு முதலில் வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவன் மேல் ஆத்திரம்தான் வருகிறது.

மழைக்கு முன்னால் அக்தர் பானு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பாண்டுப்பில் அவள் அண்ணன் இருந்தார், மேட்டு நிலத்தில் வீடு. தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவன் ஷாப்பிலிருந்து வந்ததும் சொன்னாள்:

"மழை முடியற மட்டும் நானும் புள்ளையும் காக்கா வீட்டுல இருக்கோம். நீங்க வேணும்னா இருங்க. எனக்கு இந்தத் தண்ணியப் பாத்தா ஒறக்கம் வரமாட்டேங்கு."

"ஊரு என்ன சொல்லும்? துளிர்க்கும்னு சொன்னவன் பொண்டாட்டியே மூட்டையத் தூக்கிட்டுப் போறான்னு சிரிக்கமாட்டானுவளா?"

"துளிர்த்திருந்தா நான் ஏன் போறேன்?"

 அந்த நேரம் பார்த்து வெளியே இருந்து பேகம் ஓடிவந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்த சந்தோஷம் முகத்தில். "வாப்பா, வந்துருச்சு. துளிர் வந்துருச்சு. நான்தான் மொதல்ல பாத்தேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியது. தண்ணீரோரக் கட்டை ஒன்றின் வெடிப்பில் பச்சையாக ஏதோ இருந்தது. நாகூர் கனி குனிந்து தொட்டுப் பார்த்தான். விரலில் வழவழவென்று ஒட்டியது. கடல் பாசி.

குழந்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் வாசலில் அக்தர் பானு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்திருந்த அவன் விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆமா. துளிர்தான்" என்றான்.

"நெசமாவா?" என்றாள் அக்தர் பானு.

"நான் பட்டைக்காரன், புள்ள. எனக்குத் தெரியாதா?"

அவள் உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தாள். பேகம் அன்றைக்கே ஷாப்பு வரைக்கும் ஓடி எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தது. தளவாய்க்குச் சொன்னது, டீக்கடைக்காரருக்குச் சொன்னது. நாகூர் கனி மேஸ்திரி வீட்டு வாசலில் துளிர்விட்டாயிற்று என்று ஷாப்பு ஷாப்பாகச் செய்தி போயிற்று. அவனோ பெருநாள் கழித்து ஏதாவது ஒரு சாக்கு வைத்துக் குடும்பத்தை மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அந்தக் கணக்கில் கடலைச் சேர்க்கவில்லை.

யுத்தம் முடிந்த செய்தி வந்தபோது நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. அடுத்த வாரம் பௌர்ணமி. கோளிகள் கடலுக்குத் தேங்காய் போடுகிற பௌர்ணமி அது; காடியில் கிடந்த படகுகளெல்லாம் அன்றைக்கு மாஹிம் கடற்கரைக்குப் போய்விட்டன. விடிந்ததிலிருந்து மழை. மாஹிம் பக்கமிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருந்தது. பௌர்ணமி ஏற்றம் உச்சிப் பொழுதில் வரும்.

ஷாப்பில் குழிக்குள் தண்ணீர் ஏறியபோதுதான் நாகூர் கனி தலையைத் தூக்கினான். சாற்றுக் குழிகள் நிரம்பி, தோல்கள் மிதந்து வெளியே வந்துகொண்டிருந்தன. ஆட்கள் தோலைப் பிடிக்க ஓடினார்கள். அவன் வீட்டைப் பார்க்க ஓடினான்.

கரைக்குப் போகிற பாதை இருந்த இடத்தில் தண்ணீர். அது கடல் தண்ணீரின் நிறத்தில் இல்லை, சிவப்பாக இருந்தது. பட்டைச் சக்கை. சக்கை மிதக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக அதைக் குழியில் தள்ளித் தள்ளி அமுக்கினவன் அவன். கையை எடுத்தால் மேலே வரும் என்று தெரிந்தவன். அவன் போட்ட தரை பாய் பாயாகப் பிய்ந்து, வீடுகளைச் சுமந்துகொண்டே எழும்பி, நடுவில் உடைந்து போய்க்கொண்டிருந்தது. தகரம் ஒன்று கவிழ்ந்து அவனைக் கடந்து போனது. அது தன் வீட்டுத் தகரம் என்று அடையாளம் தெரிந்தது.

கழுத்தளவுத் தண்ணீரில் பேர் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். தளவாயும் இன்னும் நாலு பேரும் கயிற்றோடு பின்னால் வந்தார்கள். அக்தர் பானுவைத் தளவாய்தான் பார்த்தான். ஒரு கண்டல் கட்டையை இரண்டு முழங்காலாலும் கவ்விக்கொண்டு, முகம் மட்டும் வெளியே தெரிய, ஒவ்வொரு அலைக்கும் முங்கி எழுந்துகொண்டிருந்தாள். அவளை இழுத்துக் கரையேற்றினார்கள். அவள் கைகள் எதையோ அணைத்தபடியே மடங்கி விறைத்திருந்தன. அதற்குள் ஒன்றும் இல்லை.

தண்ணீர் வடிந்தபின் பேகத்தை ஷாப்பின் பின்சுவரோரம் எடுத்தார்கள். அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் அக்தர் பானு அழவில்லை. பாண்டுப்பிலிருந்து அவள் அண்ணன் வந்து கூட்டிப்போக நின்றபோதுதான் அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ஒரு கையில புள்ள. ஒரு கையால கட்டையப் புடிச்சேன். கட்டை முழங்கால் ஒசரந்தான் இருந்துச்சு. தண்ணி மேல மேல வருது. எட்டிப் புடிக்க ஒரு கொப்பு இல்ல. ஒரே ஒரு கொப்பு இருந்திருந்தா புள்ளைய அதுல மாட்டியிருப்பேன்."

அவன் நின்றான். அவள் அழாமல், கத்தாமல், குழம்பில் உப்பு கூடிப்போனதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அது துளிரு இல்லதானே?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அண்ணனோடு நடந்தாள்.

பெருநாளுக்கு நாகூர் கனி தொழுகைக்குப் போகவில்லை. ஷாப்புக்கும் போகவில்லை. யுத்தம் முடிந்ததால் ஜஹாங்கீர் முதலாளிக்கும் அவனைத் தேட அவசரமில்லை. பட்டாளத்துக்கு இனி அவ்வளவு பூட்ஸ் வேண்டாம். தெற்கேயிருந்து ஆவாரம்பட்டை மறுபடி வரத் தொடங்கிவிடும். இன்னும் கொஞ்சகாலம் குழிகள் வற்றிக் கிடந்திருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும் என்று அவன் யோசித்தான். யோசனைக்கு முடிவில்லாமல் போனது.

ஒரு நாள் அவன் ஹிராபாயைத் தேடிக்கொண்டு கோளிவாடாவுக்குப் போனான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்டல் எப்படி முளைக்கும் என்று கேட்டான். கட்டையிலிருந்து முளைக்காது, மரத்திலேயே காய் முளைவிட்டு நீளக் குச்சியாகத் தொங்கும், தானாய் விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் தண்ணீர் கொண்டுபோகும் என்றாள். இந்தக் காடியில் தாய் மரமே இல்லையே, குச்சிக்கு எங்கே போவாய் என்றும் கேட்டாள். மான்குர்த் பக்கம் இன்னும் காடாக நிற்கிறது, வேண்டுமானால் அங்கே போய்ப் பார் என்றாள்.

ஒரு கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். செம்பூரில் இறங்கி, உப்பளப் பாத்திகளைக் கடந்து நடந்தான். குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, தாராவிக் கரையில் தன் வீடு இருந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே போவது என்று நினைத்திருந்தான். அது மரமாவதற்குள் தான் இருக்கப்போவதில்லை என்பது தெரிந்தே இருந்தது. இருந்தாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் கை அவனைச் சும்மா விடாது.

மான்குர்த் காடியை நெருங்கும்போதே கோடாலிச் சத்தம் கேட்டது.

கரையில் ஏழெட்டுப் பேர் முழங்கால் சேற்றில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை மரங்கள், குச்சிகளோடேயே சாய்ந்து கிடந்தன. அடியோடு வெட்டு. மேட்டில் நின்று ஏவிக்கொண்டிருந்தவன் பேச்சிலேயே தெற்கத்தி ஆள் என்று தெரிந்தது. வானமாமலை என்று கூப்பிட்டார்கள். குர்லாப் பக்கம் யாரோ புதிதாக ஷாப்பு போடுகிறார்களாம். இந்தப் பட்டைதான் மலிவு என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம்.

நாகூர் கனி சேற்றில் இறங்கி அவனருகே போனான். பல நாளாய்ச் சவரம் செய்யாத முகமும் அழுக்கு லுங்கியுமாக, கையில் வெறும் சாக்கோடு நின்றவனை வானமாமலை ஒரு பார்வை பார்த்தான்.

"என்னவே, சுள்ளி பொறுக்க வந்தீரா? கொப்பெல்லாம் எடுத்துக்கிடும். எங்களுக்குப் பட்டைதான் வேணும்."

"வெட்டாதீங்க" என்றான் நாகூர் கனி. "அடியோட வெட்டாதீங்க. இது துளிர்க்காது."

வானமாமலை சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. விஷயம் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "இந்த வெட்டுக்குப் பேரு என்ன தெரியுமா? நாகூர் கனி வெட்டு. தாராவியில பெரிய பட்டை மேஸ்திரி. ஆவார மாதிரி இதுவும் துளிர்க்கும்னு அவரு சொல்லியிருக்காரு."

"அவரு சொன்னது பொய்யி."

"நீரு சொல்லுதீராக்கும்."

"ஆமா, நான் சொல்லுதேன். எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லிட்டான்."

கோடாலிகள் ஒன்றிரண்டு நின்றன. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணம் எல்லோரும் அவன் சொல்வதைக் கேட்கத் தயாராக இருந்தது போலத்தான் இருந்தது. வானமாமலையே சற்று யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"அவரு பொய் சொல்லியிருக்கலாம்வே, பெரிய மனுசன் ஆயிரம் சொல்லுவான். பச்சப் புள்ள பொய் சொல்லுமா? அவரு வீட்டு வாசக் கட்டையிலயே துளிர் விட்டிருக்கு. அவரு மவ, சின்னப் புள்ள, அது தன் கண்ணால பாத்துட்டு ஷாப்பு ஷாப்பா ஓடியோடிச் சொல்லியிருக்கு. தாராவி முழுக்கத் தெரியுமே. நீரு வந்து அந்தப் புள்ள பொய் சொல்லிச்சுங்கீரா?"

நாகூர் கனி வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் பேகத்தைப் பொய்க்காரி ஆக்கவேண்டும். வாப்பா, நான்தான் மொதல்ல பாத்தேன் என்று கையைப் பிடித்து இழுத்த பிள்ளையை, இந்தச் சேற்றில், முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் முன்னால்.

"சொல்லும்வே. பொய்யா?"

அவனுக்கு நாக்கு எழவில்லை.

வானமாமலை ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். கோடாலிகள் மறுபடி விழத் தொடங்கின. நாகூர் கனி வெறும் சாக்கோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.